வானை அளந்த பெண்மணி

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வட்டத்திலுள்ள பேளகொண்டப்பள்ளியில் வானூர்திகளுக்கான ஓடுபாதை ஒன்று உண்டு. எங்கிருந்து எழும் ஊர்தியாயினும், புறப்படுமுன் எரிபொருளை அளந்து பார்த்தல் விமானியின் முதற்கடமை. சாலையில் எரிபொருள் தீர்ந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். வானில் ஓரம் என்பது இல்லை. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது அமேலியா ஏர்ஹார்ட்டின் வாழ்வு.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து அட்சிசன் என்னும் ஊரில் 1897 ஜூலை 24ஆம் நாள் அவர் பிறந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் டொராண்டோ நகரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றினார். பின்னர்ப் பல வேலைகள் செய்து பொருளீட்டி, 1921இல் நேட்டா சுனூக் என்னும் பெண் விமானியிடம் பயிற்சி பெற்றார். 1928இல் அட்லாண்டிக் பெருங்கடலை வான்வழியே கடந்த முதல் பெண் என்னும் புகழ் கிட்டியது. அன்று பயணியாகவே சென்றமையால் அப்புகழ் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1932 மே 20இல் தனியே புறப்பட்டார். உயரமானி பழுதுற்றது, இறக்கைகளில் பனி உறைந்தது, எரிபொருள் கசிந்தது. எனினும் ஏறத்தாழ 15 மணி நேரத்தில் வட அயர்லாந்தின் மேய்ச்சல் நிலமொன்றில் இறங்கினார்.

1937 ஜூன் 1இல், வழிகாட்டி பிரெட் நூனனுடன் மயாமியிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். கராச்சி, கல்கத்தா வழியாகப் பர்மாவின் அக்யாப் நகரை அடைந்தார். அங்கிருந்து கிளம்பியபோது பருவமழை வழிமறித்தது. திரும்பி இறங்க நிலமும், அதற்குப் போதிய எரிபொருளும் இருந்தமையால் அன்று உயிர் தப்பினார்.

ஜூலை 2இல் நியூகினியின் லே நகரிலிருந்து ஹவ்லண்டு தீவு நோக்கிப் பறந்தார். தொலைவு ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர். தீவின் நீளமோ மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. பொறி எரிபொருளைக் கடந்த தொலைவுக்கேற்பச் செலவிடுவதில்லை. இயங்கும் நேரத்துக்கேற்பவே செலவிடுகிறது. எதிர்க்காற்று வீசினால் நேரம் நீளும். இலக்கைத் தேடினால் மேலும் நீளும். தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா என்னும் கப்பலுடன் வானொலித் தொடர்பு சரிவர அமையவில்லை. தீவை நெருங்கிவிட்டதாகவும், அது கண்ணுக்குப் புலப்படவில்லை என்றும், எரிபொருள் குறைந்துவருவதாகவும் அவர் செய்தி அனுப்பினார். சற்றொப்ப ஒரு மணி நேரத்துக்குப்பின் அவர் குரல் ஓய்ந்தது. அருகில் மாற்றுத் தரையும் இல்லை. பெருந்தேடலில் எத்தடயமும் கிட்டவில்லை. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.

அவர் துணிவில் குறைந்தவர் அல்லர். ஆயினும் துணிவு எரிபொருளுக்கு ஈடாகாது. போய்ச்சேரும் அளவோடு நில்லாமல், வழி தவறினால் தேடவும், மாற்றிடத்தில் இறங்கவும் வேண்டிய அளவையும் சேர்த்துக் கணக்கிடுதலே இன்றும் விமானிகள் கற்கும் முதற்பாடம்.