கைவிடப்பட்டோரின் துணைவர் யோசவ்வாஸ் முனிவர்

கெலிஓயாவில் பஸ் ஏறினால், பேராதனையைத் தாண்டிச் சற்று நேரத்தில் கண்டி நகரை அடைந்துவிடுகிறோம். சந்தடி மிகுந்த அந்த நகரம் 1697ஆம் ஆண்டில் ஆளரவமற்றுக் கிடந்தது. வைசூரி பரவியிருந்தது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரைவிட்டு அகன்றான், வசதியுள்ளோரும் ஓடினர். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். ஓடியவர்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. அந்நோய்க்கு அன்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

ஓடாமல் நின்றவர் யோசவ்வாஸ் அடிகளார். அவருக்கு அப்போது வயது 46.

கைவிடப்படுதல் என்றால் என்ன என்பதை அவர் ஏற்கெனவே உடலால் அறிந்திருந்தார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாவ்லிமில் பிறந்த அவர், 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் அவரும் உடன்வந்த யோவான் என்னும் பணியாளும் கடும் வயிற்றுளைவினால் விழுந்தனர். தொற்றுநோய்க்கு அஞ்சியவர்கள் அவர்களை ஊருக்கு வெளியே விட்டனர். இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியினாலேயே இருவரும் உயிர் பிழைத்தனர்.

பத்து ஆண்டுகளின் பின் கண்டியில் அவர் செய்ததைப் பார்க்கும்போது அந்தக் கஞ்சிக் கலயமே என் நினைவுக்கு வருகிறது. 1692இல் கண்டிக்கு வந்தவுடன் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிருந்தவர், தம்மை அடைத்துவைத்த நகரத்தின் நோயாளருக்கே பணிவிடை செய்தார். அவருடைய மருமகன் யோசவ் கர்வாலோ சுவாமியாரும் துணைநின்றார். இருவரும் காடுகளில் தேடிச் சென்றனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் நோயாளரைச் சேர்த்து, புண்களைக் கழுவி, உணவூட்டினர். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் பார்க்கவில்லை.

வரட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்த புதுமையையே நாம் பிரசங்கங்களில் அதிகம் கூறுகிறோம். வைசூரிக் காலத்தில் அவர் ஒவ்வொரு பாயருகிலும் இருந்ததே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது.

நம் செத்தவீடுகளை எண்ணிப் பாருங்கள். 31ஆம் நாள்வரை வீடு நிறைய ஆட்கள். அதன்பின் தகப்பனை இழந்த பையன் விறாந்தையில் தனியே இருப்பான். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று அவன் வாயையும் அடைத்துவிடுகிறோம். படிப்பில் மனம் செல்லவில்லை என்றால் ஏசுகிறோம். அவனருகில் அமர்ந்து, புத்தி சொல்லாமல், அவன் பேசுவதைக் கேட்க ஒருவர் வேண்டும். இதற்கென்றே 1974இல் நம் நாட்டில் சுமித்ரயோ தொடங்கப்பட்டது. 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தினர் பேசுகின்றனர். இவற்றை நாடுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று எண்ணும் பெற்றோர் இன்னும் உள்ளனர்.

நோய் தணிந்தபின் அரசனின் மதிப்பு முன்னிலும் பெருகியது. குருக்கள் தடையின்றிப் பணிசெய்ய முடிந்தது. அடிகளார் கால்நடையாகவே தீவெங்கும் சென்று, இறுதியில் நோயுற்றுக் கண்டிக்குத் திரும்பினார். 1711 ஜனவரி 16ஆம் திகதி அங்கேயே உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.