சத்தியமூர்த்தியும் பிரஜா உரிமையும்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே செல்வோருக்குத் தூரத்திலேயே தென்படுவது, 1687-ல் சேதுபதி கட்டுவித்த திருமயம் கோட்டை. அதன் அடிவாரத்தில் குன்றைக் குடைந்தமைத்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமாளின் திருநாமம் சத்தியமூர்த்தி. அந்த நாமத்தையே தாங்கி, 1887-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி அவ்வூரில் பிறந்த ஸ்ரீ சத்தியமூர்த்தியை நாவன்மை மிக்க காங்கிரஸ் வீரராகத் தமிழ்நாடு நன்கறியும். ஆனால் பிரஜா உரிமையைச் சட்டக் கண்கொண்டு ஆராய்ந்து நூல் எழுதிய வக்கீலாக அவரை நினைப்போர் சிலரே. மேடையில் முழங்கியவரின் எழுத்தை மறந்துவிடுவது நம்மவர்க்குப் பழக்கமாகிவிட்டது!

இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர் அவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, பிறகு சட்டம் கற்று வக்கீலானார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம். திருமயத்தில் பிறந்தவன் தொண்டைமான் மகாராஜாவின் பிரஜை. சட்டப்படி அவன் பிரிட்டிஷ் பிரஜைகூட அல்லன், பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவன் மட்டுமே. எல்லையைத் தாண்டித் திருச்சி ஜில்லாவுக்குள் கால் வைத்தால் சட்டம் வேறு, சர்க்கார் வேறு. மேலும் நம் மொழியில் பிரஜை என்ற ஒரே சொல், மன்னனுக்கு அடங்கி நடப்பவனையும் குறிக்கும். உரிமையுடன் ஆட்சியில் பங்குகொள்பவனையும் குறிக்கும். முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு ஜனங்களை அழைத்துச் செல்வதே சத்தியமூர்த்தியின் வாழ்க்கைப் பணியாயிருந்தது என்பது நமது அபிப்பிராயம்.

1918-ல் பம்பாயில் கூடிய விசேஷக் காங்கிரஸ், இந்தியரின் உரிமைகளைப் பார்லிமெண்டுச் சட்டத்திலேயே பிரகடனம் செய்ய வேண்டுமென்று கோரியது. சட்டத்தின் முன் யாவரும் சமம். பகிரங்க விசாரணை நடத்தி நீதிமன்றம் தண்டித்தாலன்றி எவருடைய உயிருக்கும் சுதந்திரத்துக்கும் சொத்துக்கும் பங்கம் வரலாகாது. பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பவை அதன் சாரம். சர்க்கார் அளித்த பதிலோ 1919-ம் வருஷத்து ரௌலட் சட்டம். அதே வருஷத்திலேதான், குடிகளின் உரிமைகள் என்னும் பொருளுடைய பெயரில் சத்தியமூர்த்தியின் ஆங்கில நூல் சென்னையில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் முப்பத்திரண்டுதான். அவ்வாண்டே காங்கிரஸ் தூதுகோஷ்டியில் ஒருவராக இங்கிலாந்துக்கும் சென்று வந்தார்.

நூலில் ஆராய்ந்த பொருளைச் சட்டசபையில் அவர் ஆயுதமாக்கினார். 1923-ல் சென்னைச் சட்டசபையிலும், 1935 முதல் மத்திய சட்டசபையில் காங்கிரஸ் கட்சியின் உபதலைவராகவும், அவர் எழுந்தாலே சர்க்கார் தரப்பினர் கலங்கினர். அவருடைய கேள்விகளை வெறும் வம்பென்று இகழ்ந்தவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அதிகாரியைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதே பிரஜா உரிமையின் முதற்பாடம் அல்லவா?

ஆயினும் ஒரு குறையை மறைப்பது நியாயமாகாது. 1920-களின் கடைசியில், அதே புதுக்கோட்டையில் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் பயின்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் போராடியபோது சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். உரிமையைப் பற்றி நூல் எழுதியவர், கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் உரிமையைக் காணத் தவறினார். அந்த வாதத்தில் வென்றது டாக்டர் அம்மாளின் கட்சியே. 1947-ல் சென்னைச் சட்டம் அம்முறையை ஒழித்தது.

1942 ஆகஸ்டில் பம்பாய் காங்கிரஸ் கமிட்டிக் கூட்டத்திலிருந்து திரும்பியவரைச் சர்க்கார் கைது செய்தது. விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் எந்த அநீதியைக் காங்கிரஸ் கண்டித்ததோ அதே அநீதி அவர்மீதே பாய்ந்தது. பேராரிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டு சென்ற நெடும் பிரயாணத்தில் முதுகெலும்பு காயமுற்று, 1943 மார்ச் 28-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார்.

1918-ல் எழுந்த அக்கோரிக்கை 1928-ம் வருஷத்து நேரு அறிக்கையிலும், 1931-ல் கராச்சித் தீர்மானத்திலும் வளர்ந்து, அரசியல் சட்டத்தின் மூன்றாம் பாகமாக நிலைபெற்றது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்துக்கு 22-ம் விதி அங்கேயே இடம் கொடுத்திருப்பதைச் சத்தியமூர்த்தி பார்த்திருந்தால் எத்தனை கேள்விகள் கேட்டிருப்பாரோ!

1948 மார்ச் 3-ந் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அரசியல் சட்டத்தின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26 வரை காத்திருக்க, பிரஜா உரிமை பற்றிய 5-ம் விதி முதலியவை மட்டும் 1949 நவம்பர் 26-ந் தேதியே அமலுக்கு வந்தன. அன்றுதான் திருமயத்துவாசிகள் அரசியல் சட்டப்படி இந்தியக் குடிகளாயினர். அவ்வூர்ப் பிள்ளை மறைந்து ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகியிருந்தன.