குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை: ஆனந்தரங்கர்

சென்னையிலிருந்து கடலோரமாகப் புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் கண்டே செல்வர். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என அறிஞர் பலர் கருதுவர். உமணர் குடும்பத்தோடு வண்டி பூட்டி, உப்பு விற்க ஊர்தோறும் சென்ற காட்சியைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். ஆதலின், பிழைப்பு நாடி இடம் பெயர்தல் இக்கரைக்குப் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் வடபால் சென்னையில் ஆங்கிலேயரும், தென்பால் புதுவையில் பிரெஞ்சுக்காரரும் வணிகம் நடத்தினர். வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளையே ஆனந்தரங்கர். நாட்குறிப்பு வேந்தர் என்று அவரைப் போற்றும் நாம், வந்தேறிய வீட்டுப் பிள்ளையாக அவரை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர் 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். இளமையிலேயே தாயை இழந்தார். அக்காலத்தில் புதுவையில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் துபாசியாக விளங்கியவர் உறவினராகிய நைனியப்ப பிள்ளை. துபாசி என்பார் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். சரக்கு வாங்குதல், கடன் பேசுதல், அரசரிடம் தூது செல்லுதல் யாவும் அவர் வழியே நடந்தன. நைனியப்பர் தம் மைத்துனரையும் வேறு சில சென்னை வணிகரையும் புதுவைக்கு அழைத்தார். உறவினரின் சொல்லை நம்பித் திருவேங்கடம் பிள்ளையும் குடும்பத்தோடு பெயர்ந்தார். இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் மாமனோ மைத்துனனோ முன்னே சென்ற வழியில்தானே செல்கின்றனர்!

அழைத்தவரே வீழ்ந்தார். 1716இல் ஆளுநர் எபேர் நைனியப்பர்மீது குற்றம் சாட்டி, கசையடியும் சிறையும் பெரும் அபராதமும் விதிக்கச் செய்தார். 1717இல் நைனியப்பர் சிறையிலேயே மாண்டார். அடுத்த இலக்கு தாமே என அஞ்சிய திருவேங்கடம் பிள்ளை சென்னைக்குத் தப்பினார். நல்வாழ்வு தேடி வந்த ஊரே ஓட்டம் பிடிக்க வைத்தது. நைனியப்பரின் மகன் குருவப்பர் சும்மா இருந்தாரல்லர். கடல் கடந்து பிரான்சு வரை சென்று முறையிட்டார். தந்தையின் களங்கம் நீங்கிற்று. அவர் கிறித்தவராகிச் செவாலியே பட்டமும் பெற்றுத் தலைமைத் துபாசியாகத் திரும்பினார். புதிய ஆளுநரின் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடம் பிள்ளையும் மீண்டும் வந்தார். ஒருமுறை சுட்டுக்கொண்ட இடத்துக்கு மறுமுறை வருவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அல்லது, வேறு வழியின்மைதான் அவரை வரச் செய்ததோ?

1724இல் குருவப்பரும் 1726இல் தந்தையும் மறைந்தனர். பதினேழு வயது இளைஞர்மேல் குடும்பப் பாரம் விழுந்தது. ஆளுநர் லெனுவார் அவரை ஆதரித்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலைப் பொறுப்பைத் தந்தார். மரக்காயர்களின் மரக்கலங்களுக்குப் பெயர்பெற்ற அத்துறைமுகத்தில் நீலச்சாயத் துணி வணிகத்தை அவர் கற்றார். பாக்கு வாணிபமும் செய்தார், கப்பலும் உடையவரானார். 1738இல் புதுவையில் அவர் கட்டி முடித்த மாளிகையில் இந்திய முறையும் பிரெஞ்சு முறையும் கலந்திருக்கக் காணலாம்.

1736 செப்டம்பரில் நாட்குறிப்பு தொடங்குகிறது. கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர் வதந்தி, ஆளுநரின் சினமும் சிரிப்பும் யாவும் அதில் உள. வரலாற்றுக்காகவே அவர் எழுதினார் என்பாருளர். ஆளுவோர் முகம் மாறினால் என்ன நேரும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர், அம்முகத்தை நாள்தோறும் கணக்கெடுத்தார் என்பதே எம் கருத்து.

1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி மராத்தியருடன் நடந்த போரில் மாண்டபோது, நவாபின் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் அடைக்கலம் தேடிப் புதுவைக் கோட்டை வாயிலுக்கு வந்தனர். ஆளுநர் துய்மா கதவு திறந்தார். மராத்தியர் அவர்களை ஒப்படைக்குமாறு மிரட்டியும் இணங்கவில்லை. அடைக்கலம் புகுந்தோர் அந்நகருள் நுழைந்தபோது, தாமும் ஒருகாலத்தில் குடிபெயர்ந்து வந்த ஆனந்தரங்கர் அங்கே முன்னணி வணிகராய் வாழ்ந்திருந்தார்.

கனகராய முதலியார் 1746இல் மறைந்த பின், எதிர்ப்புகளைக் கடந்து துய்ப்ளேக்சின் தலைமைத் துபாசியானார். அவர் புகழின் உச்சியில் இருந்த நாளில், 1750இல், மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1754இல் துய்ப்ளேக்சு திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கரின் பதவியும் பறிபோயிற்று. 1760இல் ஆலம்பரை ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. அடுத்துப் புதுவையும் முற்றுகைக்குள்ளாயிற்று. நோயுற்றிருந்த ஆனந்தரங்கர் 1761 சனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர்க் கண்மூடினார். அவர் குடும்பம் நம்பி வந்த கோட்டையும் தரைமட்டமாயிற்று. அவருக்குப் பின் தம்பி மகன் திருவேங்கடம் எழுதுகோலை எடுத்து, இடிந்த நகரின் நாட்களைத் தொடர்ந்து எழுதினார்.