கல்லூரிக் கதவைத் திறந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம்

திருவாரூர் அருகே நீலக்குடியில் இன்று மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. நம் பிள்ளைகளும் அங்கே படிக்க விண்ணப்பிக்கிறார்கள். ஆனால், இதே டெல்டாவில் உயர்கல்வி ஒரு சாராருக்கு மட்டும் உரியதாக இருந்த காலத்தையும் நாம் அறிய வேண்டும்.

நன்னிலம் பக்கம் பெரும்பண்ணையூரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் 1888-இல் பிறந்தவர் பன்னீர்செல்வம். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், நீதிக்கட்சியில் சேர்ந்து, 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவரானார்.

தஞ்சை மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்களின் வருமானத்தில் திருவையாற்றில் ஒரு கல்லூரி நடந்தது. அங்கே சமஸ்கிருதம் மட்டுமே பாடம். படித்தவர்கள் பிராமண மாணவர்கள். மன்னர் விட்டுச் சென்ற அறம் ஒரு சாதிக்கோ ஒரு மொழிக்கோ உரியதல்ல என்பது பன்னீர்செல்வத்தின் நிலைப்பாடு. எதிர்ப்பு வந்தது, அவர் பின்வாங்கவில்லை. அங்கே தமிழும் பாடமானது, மற்றச் சமூக மாணவர்களும் சேர்ந்தார்கள். ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்களும் ஏழை மாணவர்களுக்கு விடுதிகளாயின.

கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாக லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றவர், பின்னர் சென்னை மாகாண ஆட்சியிலும் பொறுப்பு வகித்தார். இந்திய அமைச்சரின் ஆலோசகராக நியமிக்கப்பட்டு லண்டன் புறப்பட்ட அவர் சென்ற ஹனிபால் விமானம், 1940 மார்ச் 1 அன்று ஓமன் வளைகுடாப் பகுதியில் காணாமல் போனது.

அவர் புதிதாக நிதி எதையும் திரட்டவில்லை. இருந்த அறக்கட்டளையை எல்லோருக்கும் பொதுவாக்கினார், அவ்வளவே. கல்வி நிறுவனங்களையும் அறச் சொத்துகளையும் நிர்வகிக்கும் நம்மவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நம் பொறுப்பில் உள்ள கதவுகள் ஏழை மாணவனுக்குத் திறந்திருக்கின்றனவா?