மெக்காலேயின் வரையறைகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்

2024 சூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் விலக்கப்பட்டு, அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. காலனியச் சட்டம் ஒழிந்தது என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தான் வரையறுக்காத சொற்களுக்கு அந்தப் பழைய சட்டத்திடமே பொருள் கேட்கிறது. மூலச்சட்டம் மறைந்தபின் அச்சொற்களின் பொருள் என்னவாகும்? அவற்றை முதலில் வடித்தவரின் வாழ்விலிருந்து இக்கேள்வியை அணுகுவோம்.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800 அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை சகரி மெக்காலே, அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தின் முன்னணிப் போராளி. மகன் கேம்பிரிட்ஜில் பயின்று, 1826இல் வழக்குரைஞராகி, 1830இல் நாடாளுமன்றம் புகுந்தார். 1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் தலைமை ஆளுநர் மன்றத்தில் சட்ட உறுப்பினர் என்னும் பதவியை உருவாக்கியது. அப்பதவியேற்று 1834 சூனில் சென்னையில் இறங்கிய அவர், பெண்டிங்கைக் காண உதகமண்டலத்திற்குப் பல்லக்கில், மனிதர் தோள்களின்மேல் பயணம் செய்தார்.

1835இல் அவர் எழுதிய கல்விக் குறிப்பு இன்றும் சர்ச்சைக்குரியது. இந்திய அறிவு மரபை அவர் இகழ்ந்ததை மறைக்க இயலாது. எனினும், சாதி பூட்டிவைத்திருந்த கல்விக் கதவு அதனால் திறந்தது என்று கருதி, அவரது பிறந்தநாளைத் தில்லியில் கொண்டாடிய சந்திரபான் பிரசாத் போன்ற தலித் சிந்தனையாளர்களும் உண்டு.

சட்ட ஆணையத்தின் தலைவராக, 1837இல் தண்டனைச் சட்ட வரைவை அவர் ஒப்படைத்தார். ஒரு சொல்லை ஒருமுறை விளக்கிவிட்டால் சட்டம் முழுவதும் அதே பொருளில் ஆள்வதும், எடுத்துக்காட்டுகளால் பொருளைத் தெளிவாக்குவதும் அவ்வரைவின் முறை. அடிமைக்கு இழைத்தவர் அவனது உடைமையாளர் என்பதால் குற்றம் குற்றமல்லாமல் போகாது என்ற நிலைப்பாட்டையும் ஆணையம் எடுத்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தில் அந்நெறி இடம்பெற்றது. தஞ்சையிலும் மலபாரிலும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு, ஏட்டளவிலேனும் அது பெரிய மாற்றம்.

மெக்காலே 1838இல் தாயகம் திரும்பினார், வரலாற்று நூலால் புகழ்பெற்றார், 1857இல் பிரபுவானார், 1859 டிசம்பர் 28 அன்று இறந்தார். பார்ன்ஸ் பீகாக் முதலியோர் திருத்திய வரைவு 1860 அக்டோபர் 6 அன்று சட்டமானபோது அவர் உயிருடன் இல்லை.

அச்சட்டம் எல்லாரையும் ‘ஆள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. அதன் வலிமையும் குறையும் அதுவே. அடிமையையும் ஆளாக ஏற்றது. அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் இடையிலுள்ள சாதியைக் காணவில்லை. 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில் நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பொதுக் குற்றவியல் சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அது சான்று. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடைவெளியை நிரப்ப வந்தது. ஆயினும் மெக்காலே மரபின் சொற்களின்மீதே நின்றது.

அந்தப் பிணைப்பு இப்போது அறுந்துவிடவில்லை. ஒரு சட்டம் நீக்கப்பட்டு மீண்டும் இயற்றப்பட்டால், பிற சட்டங்களில் பழையதைச் சுட்டும் இடங்கள், வேறு கருத்து தோன்றாதவரை, புதியதைச் சுட்டுவதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு. சட்ட அமைச்சகமும் 2024 சூலை 16 அன்று இதை அறிவிக்கையாக உறுதிசெய்தது. எனவே, அட்டவணையில் பழைய எண்கள் இருப்பதைக் காட்டி வன்கொடுமை வழக்கைத் தகர்க்க முடியாது.

ஆனால், எண்ணோடு சில இடங்களில் பொருளும் மாறியுள்ளது. கொடுங்காயத்தை எடுத்துக்கொள்வோம். 20 நாட்கள் கடும் உடல்வலி அல்லது அன்றாட வேலை செய்ய இயலாமை என்றது பழைய 320ஆம் பிரிவு. புதிய 116ஆம் பிரிவு அதை 15 நாட்களாகக் குறைத்துள்ளது. வன்கொடுமைச் சட்ட அட்டவணையில் கொடுங்காயம் உள்ளதால், 16 நாட்கள் படுக்கையில் கிடந்த தலித் தொழிலாளியின் வழக்கில் இது பெரும் வேறுபாடு. 2024 சூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய வரையறை. அதன்பின் நடந்ததற்குப் புதியது. குற்றம் நிகழ்ந்த நாளே இதை முடிவுசெய்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான நாளுக்கு இதில் இடமில்லை.

ஆகவே பாதிக்கப்பட்டோருடன் காவல் நிலையம் செல்லும் தோழர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும்: நிகழ்வு நாள் சரியாகப் பதிவாகியுள்ளதா, அந்நாளுக்குரிய பிரிவு எழுதப்பட்டுள்ளதா, மருத்துவச் சான்று எத்தனை நாட்களைக் குறிக்கிறது. மெக்காலேயின் பெயர் சட்டப் புத்தகத்தின் அட்டையிலிருந்து நீங்கலாம். அவர் தொடங்கிவைத்த சொற்கள் நீங்கவில்லை. அவற்றை நம் மக்களுக்குப் பயன்படும்படி காப்பது நம் பொறுப்பு.