விழுந்த அணியை எழுப்பியவர்

கால்பந்து என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ என்று வீரர்களின் பெயர்களை மடமடவென்று சொல்லிவிடுவீர்கள். அவர்கள் பந்தை உதைப்பவர்கள். மைதானத்தின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே ஒருவர் கவலையோடு உட்கார்ந்திருப்பாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்தான் அணியின் மேலாளர். யார் ஆட வேண்டும், எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். அணி ஜெயித்தால் கைதட்டல் வீரர்களுக்கு. தோற்றால் திட்டு இவருக்கு!

அப்படிப்பட்ட ஒரு மேலாளரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம். அவர் பெயர் மேட் பஸ்பி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியை உலகம் முழுவதும் அறியச் செய்தவர். பாடுபட்டு உருவாக்கிய அணி ஒரே நாளில் சிதறிப்போனபோது, அதை மறுபடியும் கட்டி எழுப்பியவர்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

ஸ்காட்லாந்து நாட்டில் பெல்ஷில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆர்பிஸ்டன் என்று ஒரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே 1909-ஆம் ஆண்டு மே 26-ஆம் தேதி பஸ்பி பிறந்தார். அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான்.

முதல் உலகப் போர் வந்தது. அப்பா போர்முனைக்குப் போனார். 1917-இல் பிரான்ஸ் நாட்டில் அராஸ் என்ற இடத்தில் குண்டடிபட்டு இறந்துபோனார். அப்போது பஸ்பிக்கு ஏழு வயது. அவருக்குக் கீழே மூன்று தங்கைகள். குடும்பத்தின் பாரம் முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்தது.

பஸ்பியும் வளர்ந்ததும் சுரங்க வேலைக்குப் போனார். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடியேறிவிடலாம் என்று அம்மா நினைத்தார். ஆனால் பஸ்பியின் மனம் கால்பந்தில் இருந்தது. 1928-இல் அவருக்கு 18 வயது. மான்செஸ்டர் சிட்டி கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் வாரத்துக்கு 5 பவுண்டு. அமெரிக்கப் பயணம் நின்றது!

ஆனால் வாய்ப்பு கிடைத்தவுடன் வெற்றியும் கிடைத்துவிடவில்லை. புது ஊர், வீட்டு நினைப்பு, சரியாக வராத ஆட்டம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஒரு நாள் இரண்டாம் நிலை அணியில் ஒருவர் வராததால், அந்த இடத்தில் பஸ்பியை ஆட வைத்தார்கள். நடுக்களத்தில் பின்னால் நின்று பந்தை வாங்கி, முன்னால் இருப்பவருக்கு அழகாகக் கொடுக்கும் இடம் அது. அவருக்காகவே அளவெடுத்துத் தைத்த சட்டை போல அது பொருந்திவிட்டது. 1934-இல் மான்செஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது அந்த அணியில் பஸ்பியும் இருந்தார். பிறகு 1936-இல் லிவர்பூல் கிளப்புக்குப் போனார்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். 1930-இல் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் அவரை விலைக்கு வாங்க விசாரித்தது. 150 பவுண்டு கேட்டார்கள். அந்தப் பணம்கூட அப்போது யுனைடெட்டிடம் இல்லை!

குண்டு விழுந்த மைதானம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. பஸ்பி ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தார். போர் முடியும் நேரத்தில், 1945-இல், மான்செஸ்டர் யுனைடெட் அவரை மேலாளராக இருக்க அழைத்தது.

அப்போது அந்தக் கிளப்பின் நிலைமை என்ன தெரியுமா? அதன் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 1941-இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டிருந்தன. பார்வையாளர் மாடம் எரிந்து கிடந்தது. 1949 வரை பக்கத்துக் கிளப்பான சிட்டியின் மைதானத்தில்தான் யுனைடெட் ஆடியது.

பஸ்பி நிபந்தனைகளோடுதான் பதவிக்கு வந்தார். அணியைத் தேர்ந்தெடுப்பது, வீரர்களை வாங்குவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் தன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பல கிளப்புகளில் இதையெல்லாம் நிர்வாகிகள்தான் முடிவு செய்வார்கள். மேலாளர்களும் அறையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். பஸ்பியோ பயிற்சி உடையை மாட்டிக்கொண்டு வீரர்களோடு சேர்ந்து ஓடினார். 1948-இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது. 37 வருடங்களுக்குப் பிறகு யுனைடெட் வென்ற பெரிய கோப்பை அது. 1952-இல் லீக் பட்டமும் வந்தது.

அந்த அணிக்கு வயதாகிக்கொண்டு வந்தது. பஸ்பி என்ன செய்தார்? பெரிய விலை கொடுத்துப் பெரிய ஆட்களை வாங்குவதை மட்டும் நம்பவில்லை. தன் உதவியாளர் ஜிம்மி மர்ஃபியோடு சேர்ந்து, பள்ளி மாணவர்களாக இருந்த திறமைசாலிகளைத் தேடிப் பிடித்தார். டங்கன் எட்வர்ட்ஸ், பாபி சார்ல்டன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். 1956-இல் லீக் பட்டம் வென்ற அணியின் சராசரி வயது சுமார் 22. பஸ்பியின் குழந்தைகள் என்றே பத்திரிகைகள் அவர்களுக்குப் பெயர் வைத்தன. அடுத்த வருடமும் பட்டம் அவர்களுக்குத்தான்.

கடல் தாண்டிய ஆட்டம்

இப்போது சாம்பியன்ஸ் லீக் என்று சொல்கிறோமே, அது 1955-இல் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது. பல நாடுகளின் சாம்பியன் கிளப்புகள் தங்களுக்குள் மோதும் போட்டி. முதல் வருடம் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு அழைப்பு வந்தது. ஆனால் இங்கிலாந்தின் லீக் நிர்வாகம், உள்ளூர்ப் போட்டிகளுக்கு இடைஞ்சல் என்று சொல்லித் தடுத்துவிட்டது.

அடுத்த வருடம் அழைப்பு யுனைடெட்டுக்கு வந்தது. மறுபடியும் லீக் நிர்வாகம் வேண்டாம் என்றது. பஸ்பி கேட்கவில்லை. கால்பந்து இனி ஒரு நாட்டு எல்லைக்குள் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் இங்கிலாந்து அணி என்ற பெயர் யுனைடெட்டுக்குக் கிடைத்தது. சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியை 10-0 என்று தோற்கடித்தார்கள்! அந்த வருடம் அரையிறுதியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியிடம்தான் தோற்றார்கள்.

மியூனிக்கில் விழுந்த பனி

1958-ஆம் ஆண்டு. மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. பிப்ரவரி 5-ஆம் தேதி பெல்கிரேடு நகரில் ரெட் ஸ்டார் அணியோடு 3-3 என்று டிரா செய்து, யுனைடெட் அரையிறுதிக்குள் நுழைந்தது. அடுத்த நாள் எல்லோரும் விமானத்தில் ஊருக்குத் திரும்பினார்கள். எரிபொருள் நிரப்ப ஜெர்மனியின் மியூனிக் நகரில் விமானம் இறங்கியது.

அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விமானம் இரண்டு முறை கிளம்பப் பார்த்து நின்றுவிட்டது. மூன்றாவது முறை வேகமாக ஓடியது. ஓடுபாதையில் உருகிச் சேறு போலக் கிடந்த பனி வேகத்தைக் குறைத்துவிட்டது. மேலே எழும்ப முடியாமல் விமானம் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது.

விமானத்தில் இருந்தவர்கள் 44 பேர். இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் 8 பேர் யுனைடெட் வீரர்கள். அணியின் பெரிய நம்பிக்கையான டங்கன் எட்வர்ட்ஸ் 15 நாட்கள் மருத்துவமனையில் போராடி இறந்தார். அவருக்கு வயது 21.

பஸ்பிக்கும் பலத்த காயம். பிழைக்க மாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இறக்கும் நிலையில் இருப்பவர்களுக்குச் செய்யும் கடைசிப் பிரார்த்தனையை இரண்டு முறை செய்தார்கள். ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார். யார் யார் போய்விட்டார்கள் என்பதை அவரிடம் முதலில் யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, மனைவி ஜீன் தலையசைப்பிலேயே பதில் சொன்னார். எவ்வளவு கொடுமையான வருகைப் பதிவேடு, நினைத்துப் பாருங்கள்!

ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தானே, மூன்றாவது முறை கிளம்ப வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று பஸ்பி தன்னையே நொந்துகொண்டார். கால்பந்தே வேண்டாம் என்று முடிவு செய்தார். அப்போது ஜீன்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார். இறந்துபோன பிள்ளைகள் அவர் பணியைத் தொடர்வதைத்தான் விரும்புவார்கள் என்று புரிய வைத்தார்.

இதற்கிடையில் ஊரில் ஜிம்மி மர்ஃபி அணியைத் தாங்கிப் பிடித்தார். அவர் வேல்ஸ் நாட்டு அணியின் வேலையாக இருந்ததால் அந்த விமானத்தில் போகவில்லை. விபத்து நடந்து 13 நாட்களில் அடுத்த ஆட்டம். அன்று அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் யுனைடெட் வீரர்களின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. யார் ஆடப்போகிறார்கள் என்று அச்சிடும்போது தெரியவில்லை! எப்படியோ ஆள் சேர்த்து 3-0 என்று ஜெயித்தார்கள்.

பத்து வருடப் பொறுமை

பஸ்பி கைத்தடியோடு ஊர் திரும்பினார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பிழைத்து வந்த பாபி சார்ல்டனும் பில் ஃபவுல்க்ஸும் துணை நின்றார்கள். 1962-இல் டெனிஸ் லா வந்தார். பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து ஜார்ஜ் பெஸ்ட் என்ற ஒல்லிப் பையன் வந்தான். 1963-இல் எஃப்.ஏ. கோப்பை. 1965-இலும் 1967-இலும் லீக் பட்டம். ஆனால் ஐரோப்பியக் கோப்பை மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. 1966-இலும் அரையிறுதியோடு திரும்பினார்கள்.

அந்தக் காலத்தில் இந்தப் போட்டி முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட் முறையில்தான் நடந்தது. இரண்டு அணிகள் இரண்டு முறை மோதும். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி, குறைவாகப் போட்டவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1968 அரையிறுதியில் எதிரே நின்றது ரியல் மாட்ரிட். முதல் ஆட்டத்தில் யுனைடெட் 1-0. இரண்டாவது ஆட்டத்தில் இடைவேளையின்போது மாட்ரிட் 3-1 என்று முன்னால் இருந்தது. யுனைடெட் விடவில்லை. ஆட்டம் 3-3 என்று முடிந்தது. கூட்டினால் 4-3. கடைசி கோலைப் போட்டவர் யார் தெரியுமா? தடுப்பாட்டக்காரரான பில் ஃபவுல்க்ஸ். மியூனிக்கில் பிழைத்த அதே ஃபவுல்க்ஸ்!

மே 29-ஆம் தேதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரணி போர்ச்சுகலின் பென்ஃபிகா. முழு நேரத்தில் 1-1. கூடுதல் நேரத்தில் யுனைடெட் மூன்று கோல்கள் போட்டு 4-1 என்று வென்றது. இரண்டு கோல்கள் பாபி சார்ல்டன் போட்டவை. மியூனிக் விபத்து நடந்து பத்து வருடங்கள் கழித்து, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்து அணியானது யுனைடெட். அந்த ஆண்டிலேயே பஸ்பிக்கு சர் பட்டம் கிடைத்தது.

பிறந்தநாள் பரிசு

பஸ்பி 1994 ஜனவரி 20-ஆம் தேதி, 84 வயதில் காலமானார். அதற்குள் போட்டியே மாறிவிட்டிருந்தது. 1991-92 முதல் குழுச் சுற்று வந்தது. அடுத்த வருடம் சாம்பியன்ஸ் லீக் என்று பெயரும் மாறியது.

குழுச் சுற்று என்றால் என்ன? நான்கு அணிகள் ஒரு குழு. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் இரண்டிரண்டு முறை ஆட வேண்டும். மொத்தம் 6 ஆட்டம். 1995 முதல் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. ஒரு ஆட்டத்தில் சறுக்கினாலும் அடுத்ததில் சரி செய்துகொள்ளலாம்.

1998-99-இல் யுனைடெட் இருந்த குழுவில் பேயர்ன் மியூனிக், பார்சிலோனா, பிரோன்பி ஆகிய மூன்று அணிகள். யுனைடெட் 2 ஆட்டங்களில் வென்றது. 4 ஆட்டங்கள் டிரா. கணக்குப் போடுங்கள் பார்ப்போம்! மொத்தம் 10 புள்ளி. பேயர்ன் 11 புள்ளியோடு முதலிடம். இரண்டாம் இடம் பிடித்த அணிகளில் மிகச் சிறந்த இரண்டுக்கும் அந்த வருடம் இடம் உண்டு. அப்படித்தான் யுனைடெட் காலிறுதிக்குள் நுழைந்தது.

இறுதிப் போட்டியில் அதே பேயர்ன் எதிரே நின்றது. 90 நிமிடம் முடிந்தபோது யுனைடெட் 0-1 என்று பின்தங்கியிருந்தது. ஈடுசெய்யும் சில நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழுந்தன. 2-1 என்று கோப்பை யுனைடெட்டுக்கு! அன்று தேதி 1999 மே 26. பஸ்பி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு அன்று 90-ஆவது பிறந்தநாள்!

2024-25 முதல் குழுச் சுற்றும் போய்விட்டது. இப்போது 36 அணிகளும் ஒரே பட்டியலில் நின்று, ஆளுக்கு 8 ஆட்டம் ஆடுகின்றன.

ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தின் வெளியே பஸ்பிக்குச் சிலை இருக்கிறது. பக்கத்துச் சாலைக்கும் அவர் பெயர்தான். மைதானச் சுவரில் மியூனிக், 1958 பிப்ரவரி 6 என்று எழுதிய ஒரு கடிகாரமும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மக்கள் அங்கே கூடி, இறந்தவர்களை நினைத்து அமைதியாக நிற்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே! பரீட்சையில் மதிப்பெண் குறைந்துவிட்டதா? போட்டியில் தோற்றுவிட்டீர்களா? கொஞ்சம் அழுதுகொள்ளுங்கள், தவறில்லை. பஸ்பியும் அழுதவர்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவருக்குப் பத்து வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகாது!