கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்ட இசைக் கலைஞர்

குட்டீஸ்! நீங்கள் ஓர் அறைக்குள் நுழைகிறீர்கள். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. ஆனாலும் ஏ.சி. தானே குளிரைக் கூட்டுகிறது. எல்லாரும் வெளியே போய்ச் சிறிது நேரம் ஆனதும் தானே குறைத்துக்கொள்கிறது. சில ஓட்டல்களிலும் அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட வசதி உண்டு. அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். அதற்குக் கண் கிடையாது. பிறகு, ஆள் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?

இதைப் புரிந்துகொள்ள, 1738ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல்.

ஹெர்ஷலின் அப்பா ராணுவ இசைக்குழுவில் வாசித்தவர். மகனும் 14 வயதிலேயே அதே குழுவில் சேர்ந்தார். பின்னர் போர் மூண்டது. 1757இல் ஹெர்ஷல் இங்கிலாந்து சென்றார். இசைக் குறிப்புகளைப் பார்த்து எழுதிக் கொடுத்தும், இசை கற்பித்தும் பிழைத்தார். பிறகு பாத் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1772இல் தங்கை கரோலினையும் தன்னிடம் அழைத்துக்கொண்டார்.

பகலெல்லாம் இசை. இரவானால் வானம்! நட்சத்திரங்களைப் பார்க்க அவருக்குப் பெரிய தொலைநோக்கி வேண்டியிருந்தது. அதனால் தானே செய்ய ஆரம்பித்தார். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, உலோகக் கண்ணாடி வார்த்தார். அதை மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார். நடுவில் கையை எடுத்தால் மெருகு கெட்டுவிடும் என்பதால், ஒருமுறை 16 மணி நேரம் விடாமல் தேய்த்தார். அப்போது கரோலின்தான் அண்ணனுக்கு உணவை வாயில் ஊட்டிவிட்டார். 1781இல் ஒரு நாள் உலை உடைந்து, உருகிய உலோகம் தரையில் கொட்டியது. தரையில் பதித்திருந்த கற்கள் வெடித்துச் சிதறின. அங்கிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள்.

அதே 1781ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று ஹெர்ஷல் ஒரு புதிய கோளைக் கண்டுபிடித்திருந்தார். அதுதான் யுரேனஸ். அவர் பெயர் எங்கும் பரவியது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்து ஆதரித்தார். இசை ஆசிரியர் முழுநேர வானியல் அறிஞர் ஆனார். வால்நட்சத்திரங்களைக் கண்டறிந்த கரோலினும் புகழ் பெற்றார்.

இனிதான் நம் கதைக்கு வருகிறோம். சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க, ஹெர்ஷல் பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். (நீங்கள் ஒருபோதும் அப்படிப் பார்க்கக்கூடாது. கண் போய்விடும்!) சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் சூடு அதிகமாக இருந்தது. இது எப்படி? ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அளந்து பார்க்க முடிவு செய்தார்.

1800இல் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியே செலுத்தினார். வானவில்லைப் போல நிறங்கள் மேஜையில் விழுந்தன. ஒரு வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு வெப்பமானிகளை ஒளி படாத இடத்தில் வைத்தார். ஊதாவில் 2 பாரன்ஹீட் டிகிரி ஏறியது. பச்சையில் 3 டிகிரிக்குச் சற்று மேல். சிவப்பில் ஏறக்குறைய 7 டிகிரி!

சிவப்போடு நிறங்கள் முடிந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். ஹெர்ஷல் நிறுத்தவில்லை. கண்ணுக்கு ஒளி தெரியாத இடத்தில் சூடும் நின்றுவிடுமா என்று யோசித்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே விழாத இடத்தில் வெப்பமானியை நகர்த்தி வைத்தார். அங்கும் வெப்பம் ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அங்கே விழுந்துகொண்டிருந்தன. இன்று அவற்றை அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

ஆனால் அவை ஒளியின் ஒரு வகைதான் என்பதை ஹெர்ஷல் ஏற்கவில்லை. வெப்பம் வேறு, ஒளி வேறு என்றே பின்னர் முடிவு செய்தார். அது தவறு என்று பிறகு வந்த அறிஞர்கள் காட்டினார்கள். பெரிய அறிஞர்களும் தவறு செய்வார்கள், பார்த்தீர்களா!

சரி, தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். உங்கள் உடம்பு இந்த நிமிடமும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. சுவரும் மேஜையும்கூட வெளியிடுகின்றன. ஆனால் உங்கள் உடம்பு பெரும்பாலும் அவற்றைவிடச் சூடானது. நகர்வை உணரும் தெர்மோஸ்டாட்டில் ஒரு சிறிய உணரி இருக்கும். அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். உள்ளே, வெப்பக் கதிர் கூடினாலும் குறைந்தாலும் மின்சாரம் உண்டாக்கும் இரண்டு சிறு துண்டுகள். நீங்கள் நடக்கும்போது உங்கள் உடம்பின் கதிர் முதலில் ஒரு துண்டிலும் பிறகு அடுத்த துண்டிலும் விழும். அந்த மாற்றம் மின் குறிப்பாக மாறும். உடனே கருவி, ஆள் வந்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு 24 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கும். வெகுநேரம் குறிப்பு வராவிட்டால், அறை காலி என்று எண்ணி, 28 டிகிரி வரை ஏற விட்டுவிடும். மின்சாரம் மிச்சம்! குளிர் நாடுகளில் இதே கருவி, ஆள் இல்லாதபோது ஹீட்டரைக் குறைக்கும்.

ஒரு குறை உண்டு. நீங்கள் அசையாமல் தூங்கினால் அது ஏமாந்துபோகும். அதனால்தான் சற்று நேரம் காத்திருந்துவிட்டு மாற்றும்படி அதை அமைக்கிறார்கள்.

ஹெர்ஷல் 1822ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் மறைந்தார். 2009இல் விண்ணில் ஏவப்பட்ட அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றுக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அவர் பெயரையே வைத்தது. அது 2013 வரை வானத்தைப் படம்பிடித்தது.

குட்டீஸ், நீங்களும் எதையாவது அளக்கும்போது, முடிந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் இன்னும் ஓர் அடி தள்ளி வைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் ஏதாவது இருக்கலாம்!